அபராதம் போடாத உத்தரவு

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் நாலு தாளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஒரு ஜட்ஜ் என்னைப் பத்தி ஆர்டர்ல கண்டபடி எழுதிட்டார். கேஸைப் படிக்காம வந்து கோர்ட்டை ஏமாத்தப் பாத்தேனாம். இதுக்கு அப்பீல் போகலாமா?"

நான் வக்கீல் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தவன். ஜட்ஜுகள் சொன்னதை எழுதி, எழுதியதை டைப் அடித்துக் கொடுத்தவன். ஆனாலும் கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அபராதம் ஏதாவது போட்டாரா?"

"இல்ல அங்கிள். திட்டினதோட விட்டுட்டார்."

"நூறு ரூபாயாவது?"

"ஐயோ, இல்லவே இல்ல."

"அப்படின்னா கஷ்டம்தான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அபராதம் போடாததற்குத் துக்கம் விசாரிக்கிற கிழவனை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். இப்போதைய சட்டம் எப்படியோ, உன் ஸீனியரைப் போய்க் கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிற கோர்ட் எது, ஜட்ஜ் யார் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. என் தப்பை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மாதுங்காவில். அப்பா ரயில்வேயில் கிளார்க். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு மாடியறை இன்ஸ்டிட்யூட்டில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டேன். மாதுங்காப் பையன்களுக்குப் பூணூல் போட்ட மறுநாளே கையில் பென்சிலைக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்களைக் கேலி செய்வார்கள். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை வந்ததும் கோர்ட்டில் தற்காலிக ஸ்டெனோ வேலை கிடைத்தது. அது 1960. நாலு வருஷம் ஆகியும் தற்காலிகமாகவே இருந்தேன். நிரந்தரம் ஆவது ஜட்ஜ் மேலிடத்துக்கு எழுதும் ரகசியக் குறிப்பைப் பொறுத்தது. அப்பா ரிடையர் ஆகிவிட்டார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் அண்ணாவுக்கு வேலை நிரந்தரமா என்பதுதான் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருந்தது.

எங்கள் ஜட்ஜ் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். ஒரு வக்கீலிடம் மூன்று தரம் 'தயவுசெய்து' என்று சொன்னாரானால் அந்த வக்கீலின் கட்சிக்காரன் மூட்டையைக் கட்டலாம் என்று பியூனே சொல்லிவிடுவான். உத்தரவு சொல்வதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "எழுதிக்கொள்ளுங்கள்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வருவதுதான் உத்தரவு. அதற்கு முன் வந்ததெல்லாம் வெறும் பேச்சு.

ஸ்டெனோவின் இடம் ஜட்ஜின் மேடைக்குக் கீழே, பக்கவாட்டில். கோர்ட்டில் இருக்கிற எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். எனக்குக் கால்கள் தெரியும். வந்து உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றிவிடுவார். மத்தியானம் ஒன்றரை மணி நெருங்கும்போது கறுப்பு சாக்ஸ் போட்ட இரண்டு பாதங்களும் மேஜைக்கடியில் ஷூவைத் துழாவ ஆரம்பிக்கும். எங்கள் சிப்பந்திகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஷூ ஏறிவிட்டால் கோர்ட் முடிந்தது. அதற்கப்புறம் அவர் சொல்வது ரோஸ்நாமாவில் ஏறாது. ரோஸ்நாமா என்றால் வழக்கில் அன்றன்று நடந்ததைத் தலைமை எழுத்தரான ஷிரஸ்தேதார் எழுதி வைக்கும் தாள். பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பியூன் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுப்பதற்குள் வேண்டியதைக் கேட்டு, எழுத வைத்து, தாளையும் எட்டிப் பார்த்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஷிரஸ்தேதாரின் இழுப்பறையில் இன்னொரு சமாசாரமும் இருந்தது. தயாராக டைப் அடித்த மன்னிப்புத் தாள். ஏழு வரி. நான்தான் கார்பன் வைத்துப் பத்துப் பத்தாக அடித்துக் கொடுப்பேன். 'நீதிமன்றம் பதிவு செய்துள்ளது முழுவதும் உண்மை என ஒப்புக்கொண்டு நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன்' என்று வரும். பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கும். மாதத்துக்கு ஒரு வக்கீலாவது கோபத்தில் வாயை விடுவார், இதில் கையெழுத்துப் போடுவார், ஜட்ஜ் அதை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவார், மறுநாள் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாளை யாரும் படித்ததில்லை. அடித்த நானே படித்ததில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அடித்தவன் எப்படிப் படிக்காமல் இருக்க முடியும்?

சட்டமும் எனக்கு நன்றாகத் தெரியும். கோர்ட் நடந்துகொண்டிருக்கும்போது அவமதித்தவரை அங்கேயே நிறுத்தி வைத்து, அன்று கோர்ட் கலைவதற்குள் இருநூறு ரூபாய் வரை அபராதம் போட அந்தக் காலத்தில் ஜட்ஜுக்கு அதிகாரம் இருந்தது. வக்கீலானாலும் சரி, வழிப்போக்கனானாலும் சரி. அபராதம் போட்டால் அவருக்கு அப்பீல் உரிமை உண்டு. மேல்கோர்ட் எல்லாக் காகிதத்தையும் வரவழைத்துப் பார்க்கும். மன்னிப்புக் கேட்டு ஜட்ஜும் விட்டுவிட்டால் தண்டனை கிடையாது. தண்டனை இல்லாத இடத்தில் அப்பீலும் கிடையாது. அடித்து அடித்து இது எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

1964 மழைக்காலத்தில் ஆசீர்வாதம் என்ற வக்கீல் எங்கள் கோர்ட்டுக்கு வர ஆரம்பித்தார். தாராவிக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். அவருடைய அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் அலசியவர். இவர் பகலில் மில் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் சட்டம் படித்து, முப்பது வயதில் கறுப்புக் கோட்டுப் போட்டார். அவர்கள் சந்தில் அதுதான் முதல் கறுப்புக் கோட்டு. ஆங்கிலம் சுத்தமாகப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அதனால் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் எதிர்த்தரப்பு ஸீனியர்கள் புகுந்துவிடுவார்கள்.

தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் பதினாலு குடும்பங்கள். கிடங்கு கைமாறியது. புதுச் சொந்தக்காரர் பழைய குத்தகைக்காரர்மேல் தீர்ப்பு வாங்கி, அதை வைத்தே இந்தப் பதினாலு குடும்பங்களையும் காலி செய்ய வாரண்டும் வாங்கிவிட்டார். நாங்கள் தனியாக வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள், எங்களைக் கேட்காமல் எப்படி வெளியேற்றலாம் என்பது ஆசீர்வாதத்தின் கட்சி. ஆட்சேப மனு எழுதிக்கொண்டிருந்தார். அதைத் தாக்கல் செய்யத் திங்கட்கிழமை வரை அவகாசம் வேண்டும், அதுவரை வாரண்டை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை கேட்டார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஜட்ஜின் வலது கால் ஷூவுக்குள் போய்விட்டது. இடது காலும் போனது.

ஜட்ஜ் எழுந்துகொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆகட்டும், ஆகட்டும். திங்கட்கிழமை வரை அவர்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்."

என் கை அதை எழுதிவிட்டது. எழுத வேண்டியதே இல்லை. ஆனால் காதில் விழும் ஆங்கிலத்தையெல்லாம் எழுதிப் பழகிய கை அது. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் யாராவது பேசினால்கூட விரலால் தொடையில் எழுதிக்கொண்டிருப்பேன். ஷிரஸ்தேதார் ரோஸ்நாமாவில் 'திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினார். வாரண்டை நிறுத்தி வைப்பதாக ஒரு வார்த்தை இல்லை. எதிர்த்தரப்பு ஸீனியர் போகிற போக்கில் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். ஆசீர்வாதம் பார்க்கவில்லை. ஜட்ஜே வாயால் சொன்ன பிறகு தாளைப் போய்ப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம். சந்துக்குப் போய், திங்கட்கிழமை வரை பயமில்லை, வேலைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை, ஆண்கள் தொட்டி வேலைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் போன பிறகு, பெய்லிஃப் வந்தார். ஊரில் அமீனா என்போமே, அவர்தான். கூடவே கடப்பாரையோடு இருபது பேர். நல்ல மழை. சாயங்காலத்துக்குள் பதினாலு வீடுகளும் தரையோடு தரையாகிவிட்டன.

திங்கட்கிழமை கோர்ட் வராந்தா முழுக்க அந்த ஜனங்கள். ஈரத் துணியும் தோல் நாற்றமுமாக நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை. கொண்டி பிய்ந்து தொங்கும் ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தாள். ஆசீர்வாதம் உள்ளே நுழையும்போது அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"திங்கக்கெழம வரைக்கும் யாரும் வரமாட்டாவன்னு சொன்னியளே ஐயா. பூட்டு பூட்டுனபடியேதான் இருக்கு. வீட்டத்தான் காணும்."

ஆசீர்வாதம் அந்தப் பூட்டை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்கு மட்டும் அவர் வாக்கியங்களை மனசுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று தாங்கள் வியாழக்கிழமை சொன்னீர்கள், அதை நம்பிப் போன ஜனங்களின் வீட்டை இடித்துவிட்டார்கள், மறுபடி கட்டிக் கொடுக்க உத்தரவிட வேண்டும் என்றார். ஜட்ஜ் நெற்றியைச் சுருக்கினார்.

"நான் அப்படி உத்தரவு போட்டதாக நினைவில்லை. ரோஸ்நாமாவைப் பாருங்கள், தயவுசெய்து."

"ரோஸ்நாமாவில் இல்லை, யுவர் ஆனர். தாங்கள் எழுந்துகொண்டே சொன்னீர்கள். எல்லோரும் கேட்டார்கள்."

ஸீனியர் பாதி எழுந்து, தம் காதில் எதுவும் விழவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அப்படியானால் நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா? தயவுசெய்து விளக்குங்கள்."

"நம்மில் யாரோ ஒருவர் சொல்கிறோம், யுவர் ஆனர். அது நானில்லை."

ஆசீர்வாதம் என் பக்கம் கையைக் காட்டினார். "தங்கள் ஸ்டெனோ எழுதிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவரைக் கேளுங்கள்."

ஜட்ஜ் மேடையிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். "மிஸ்டர் சேஷன், வியாழக்கிழமை இந்த வழக்கில் நான் உங்களுக்கு ஏதாவது உத்தரவு டிக்டேட் செய்தேனா?"

"இல்லை, ஸார்."

அது பொய் இல்லை. 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று அவர் சொல்லவில்லை, ஷூ ஏறியிருந்தது, எனவே டிக்டேட் செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு அச்சடித்த மாதிரி சரியான பதில். இத்தனை வருஷத்தில் இந்தச் சமாதானத்தை ஆயிரம் தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அன்று ஆசீர்வாதம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னால் அது நிற்கவில்லை.

கோர்ட் அவமதிப்புக்காக அவரை நிறுத்தி வைப்பதாக ஜட்ஜ் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் வந்து அவரைப் பின் பெஞ்சில் உட்காரவைத்தான். உட்காரும் முன் ஆசீர்வாதம், "அபராதம் போடுங்கள், யுவர் ஆனர். நான் மேலே போய்க்கொள்கிறேன். அந்த ஷார்ட்ஹேண்டு நோட்டை அங்கே வரவழைக்கச் சொல்கிறேன்" என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஜட்ஜ் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே மெல்லிய குரலில், "சேஷன், நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டார்.

இப்போது கேள்வியில் டிக்டேட் இல்லை. நோட்டு என் கக்கத்தில் இருந்தது. புரட்டிக் காட்ட அரை நிமிஷம் போதும். அவர் பொய்யர் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. எழுந்திருக்கும்போது தினம் பத்துப் பேருக்கு ஆகட்டும் ஆகட்டும் என்பவர், மறந்துவிட்டார். நான் காட்டியிருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் திறந்த கோர்ட்டில் இல்லை என்று சொன்ன ஸ்டெனோ, அறைக்குள் வந்து உண்டு என்று சொன்னால் அவன் கதி? நிரந்தரம் ஆகாத நாலு வருஷமும் தங்கையின் முகமும் என் கண் முன் வந்து நின்றன.

"எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள், ஸார். சத்தமாக இருந்தது" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாம். சத்தமாகத்தான் இருந்தது" என்றார். பிறகு, "ஏழைப் பையன். அபராதம் போட்டால் மேல்கோர்ட்டுக்கு ஓடுவான். எதற்கு அந்தச் செலவு? மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஷிரஸ்தேதார் இழுப்பறையைத் திறந்து தாளை என் கையில் வைத்தார். "தும்ஹாரா மதராசி ஹை. தும் ஹீ போலோ" என்றார். உன் ஊர்க்காரன்தானே, நீயே பேசு என்று அர்த்தம்.

பின் பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஸார், நான் சொல்றதைக் கேளுங்கோ. அபராதம்னு ஒண்ணு உங்க பேர்ல ஏறினா வக்கீல் சன்னதுக்கே ஆபத்து. தொழிலே போயிடும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்கோட முடிஞ்சுது."

"நீங்க எழுதிக்கிட்டிருந்தியளே சார். உங்க பென்சிலு நிக்கவே இல்லியே."

"அது பழக்கம். எல்லாத்தையும் கிறுக்கிண்டிருப்பேன். அதெல்லாம் ரிகார்டு ஆகாது."

"அப்ப இருக்கு."

நான் தாளை அவர் பக்கம் நீட்டினேன்.

"அபராதம் போடட்டும் சார்" என்றார். "கெட்டிட்டு அப்பீல் போறேன். பதினாலு வீட்டுச் சனமும் மழையில கெடக்கு. ஜட்ஜய்யா சொன்னது நெசம்னு மேல ஒரு வரி எழுதிட்டாப் போதும், வீட்ட இடிச்சதே தப்புன்னு ஆயிரும்லா."

சட்டத்தை அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார். எனக்கு அது தெரியும். எனக்கு அதனால்தான் பயம்.

"மேல போய் என்ன ஆகுமோ, யார் கண்டா? நீங்க மன்னிப்புக் கேட்டா ஜட்ஜ் மனசு இறங்கி அந்த ஜனங்களோட மனுவை எடுத்துப்பார். என்கிட்டயே சொன்னார்."

ஜட்ஜ் அப்படிச் சொல்லவே இல்லை. நானாகச் சேர்த்தேன். கோர்ட்டில் சொன்னதுக்கு வேண்டுமானால் சமாதானம் இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. இது கலப்படமில்லாத பொய்.

"நெசமாவா சொல்லுதிய?"

"நிஜமா."

அவர் தாளை வாங்கிப் படித்தார். எல்லோரும் படிக்காமல் போட்ட தாளை அவர் ஒருவர்தான் படித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது. "கோர்ட் பதிவு செஞ்சது முழுக்க உண்மைங்காவ. என்ன பதிவு சார்? இன்னும் ஒண்ணுமே எழுதலியே?"

"அதெல்லாம் சம்பிரதாயம். எல்லாரும் போடறதுதான். நாளைக்கே கிழிச்சுப் போட்டுடுவார்."

"நம்ம பாஷைக்காரரு நீங்க. உங்கள நம்பித்தான் போடுதேன்" என்றார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது கோட்டுப் பையிலிருந்த பூட்டு பெஞ்சில் இடித்துச் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு ஜட்ஜ் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். கண்ணை மூடினார். "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். பதினாலு குடும்பத்தின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது வக்கீல், தாம் அறிந்தே ஒரு பொய்யை நீதிமன்றத்தின் முன் வைத்தார். அதை நீதிபதியின் வாயிலேயே ஏற்றவும் துணிந்தார். பிறகு அது பொய்யென எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியுள்ளார். இளம் வயதையும் எளிய குடும்பத்தையும் கருதித் தண்டனை எதுவும் விதிக்காமல் விடுவிக்கப்படுகிறார். குடும்பங்களின் மனுவைப் பொறுத்தவரை, இடம் ஏற்கெனவே கைமாறிவிட்டதால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை தடுமாறாமல் சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மன்னிப்புத் தாளை அவர் கிழிக்கவில்லை. வழக்குக் கட்டில் கோர்க்கச் சொன்னார்.

ஆசீர்வாதம் எழுந்து நின்றார். அவருக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. "யுவர் ஆனர், அபராதம் போடுங்கள். ஒரு ரூபாயாவது போடுங்கள்" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். தனக்குத் தண்டனை கொடு என்று ஒரு மனுஷன் கெஞ்சியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"இந்தக் கோர்ட்டுக்கு யார்மேலும் வன்மம் இல்லை, தயவுசெய்து உட்காருங்கள்" என்றார் ஜட்ஜ். மேஜைக்கடியில் பாதங்கள் ஷூவைத் துழாவ ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிர்த்தரப்பார் அந்த உத்தரவுக்குச் சான்றளித்த நகல் வாங்கினார்கள். ஆசீர்வாதம் எந்தக் கோர்ட்டில் எழுந்து நின்றாலும் அது அவருக்கு முன்னால் போய் மேஜையில் உட்கார்ந்திருந்தது. நீங்கள்தானா அவர் என்று ஜட்ஜுகள் கேட்டார்கள். அவருடைய வக்கீல் சன்னதை ரத்து செய்யச் சொல்லி வக்கீல்கள் கவுன்சிலில் யாரோ புகார் போட்டார்கள். அங்கே தண்டித்திருந்தால் அதை எதிர்த்துத் தில்லி வரை போயிருக்கலாம். கோர்ட்டே மன்னித்துவிட்டது, நாங்கள் என்ன செய்வது என்று அவர்களும் மூடிவிட்டார்கள். உத்தரவில் தன்னைப் பற்றி இருந்த அந்த நாலு வரியை நீக்கச் சொல்லி மேல்கோர்ட்டில் ஒரு மனுப் போட்டார். அது அப்பீல் இல்லை, உரிமையும் இல்லை, அவர்களாகப் பார்த்துச் செய்தால் உண்டு. இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அத்தோடு முடிந்தது. எல்லோரும் அவரை மன்னித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர்கூட அவர் சொல்வதைக் கேட்கவில்லை.

அந்த மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைத் தேடிக்கொண்டு மாதுங்காவுக்கு வந்தார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பி ஹோட்டலில் உட்கார்ந்தோம்.

"அந்த நோட்ட மட்டும் குடுங்க சார். இல்லாட்டி கூப்பிட்டா வந்து வாசிச்சுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"பழைய நோட்டெல்லாம் அழிக்கக் குடுத்தாச்சே" என்றேன்.

நோட்டு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், அப்பாவின் பழைய கோட்டுக்கு அடியில் இருந்தது. அழிக்கவும் தைரியமில்லை, கொடுக்கவும் தைரியமில்லை. ஆசீர்வாதம் கொஞ்ச நேரம் என்னையும் என் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சார்" என்று எழுந்து போய்விட்டார். அதற்கு அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. 'நம்பிக்கைக்குரியவர்' என்று ஜட்ஜ் எழுதியிருந்ததாக ஷிரஸ்தேதார் காதோடு சொன்னார். வீட்டில் பாயசம் வைத்தார்கள். குடித்தேன்.

தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. ஜட்ஜ் பதவி உயர்ந்து வேறு இடம் போனார். ஆசீர்வாதம் கோட்டைக் கழற்றிவிட்டுக் கல்யாண் என்ற புறநகரில் குடியேறி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார் என்று தெரிந்தது. 1969இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயில் ஏறினேன். இனி எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒற்றை அறை வீடு. ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசீர்வாதம் டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்க சார். மாதுங்கா ஸ்டெனோ சார்லா?"

அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் ஸார். அன்னிக்கு..."

"வேண்டாம் சார்."

"இல்லை, நான் சொல்லியே ஆகணும். இந்த நோட்டு..."

"நோட்டு இருக்குன்னு அன்னைக்கே தெரியும் சார். கிங்ஸ் சர்க்கிள்ல காப்பிய ஆத்திக்கிட்டே இருந்திய. குடிக்கவே இல்ல."

"அஃபிடவிட் எழுதிக் குடுக்கறேன். எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் வந்து வாசிக்கறேன்."

"பேச்சியம்மா செத்து ரெண்டு வருசமாச்சு. மத்தவங்க எங்கெங்கயோ போயிட்டாவ. அந்த எடத்துல குடோனு கெட்டியாச்சு. யாருக்கு சார் அஃபிடவிட்டு?" என்றார். குரலில் கோபம் துளிக்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை. "உங்கள நான் அப்பவே மன்னிச்சிட்டேன் சார். நீங்க கெளம்புங்க. வண்டி கூட்டமாயிரும்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே ஸார்."

"எதுக்குச் சொல்லணும்? அதான் விட்டாச்சே."

எழுந்தேன். கையில் நோட்டு அப்படியே இருந்தது. வாசலில் என் கால்கள் செருப்பைத் துழாவின. இரண்டு செருப்பும் ஏறிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. திரும்பி, "தப்புப் பண்ணிட்டேன் ஸார்" என்றேன். அவர் அதற்குள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து டிக்டேஷன் சொல்ல ஆரம்பித்திருந்தார். சந்து திரும்பும் வரை அந்தக் குரல் கேட்டது. என் விரல் அதைத் தொடையில் எழுதிக்கொண்டே வந்தது.